பன்னிரண்டு ஓர்க்கும் ஒரு தளபதியும்: பகடைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பழைய பதிப்புகளில் வரும் எதிரி வீரர்களை இப்போது ஆடும் பதிப்புக்கு எப்படிக் கொண்டுவருவது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1974இல் வந்த இந்த விளையாட்டில் ஒருவர் டி.எம். ஆக உட்கார்ந்து கதையையும் எதிரிகளையும் நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், அடி விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கவசத்தின் எண் ஏ.சி., உயிரின் எண் ஹிட் பாயிண்ட். +6 என்றால் தாக்கும்போது பகடையில் 6 கூட்டுவது, 1டி8+3 என்றால் ஒரு எட்டுமுகப் பகடையை உருட்டி 3 கூட்டுவது. ஓர்க் என்பது கூட்டமாக வரும் முரட்டு எதிரி, ஓகர் அதைவிடப் பெரிய ராட்சதன். விதிகள் 1989 (2ஆம் பதிப்பு), 2000 (3ஆம் பதிப்பு), 2003 (3.5), 2008 (4ஆம் பதிப்பு), 2014 (5ஆம் பதிப்பு) என்று மாறிக்கொண்டே வந்து 2024இல் இன்னொரு முறை திருத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும் எதிரிகளின் எண்களும் மாறின, பெயர் மட்டும் மாறவில்லை. சிக்கலே அங்கேதான்.

கேள்வி: அண்ணா, கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் 2ஆம் பதிப்புக் காலத்துச் சாகசப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நான் டி.எம்., ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், எல்லோரும் 5ஆம் லெவல், 2014 விதிகள். புத்தகத்தில் ஒரு கோட்டை, அதில் 12 ஓர்க், ஒரு ஓகர், அவர்களுக்குத் தலைவனாக 7ஆம் லெவல் ஃபைட்டர். அவனுக்கு ஏ.சி. 2, தாக்கோ 14, ஹிட் பாயிண்ட் 45, இரண்டு ரவுண்டுக்கு மூன்று அடி, வாளுக்கு 1டி8+3. எல்லாவற்றையும் 20இலிருந்து கழித்தால் போதும் என்றார்கள், கழித்தேன். ஓர்க்கையும் ஓகரையும் புதுப் புத்தகத்தில் இருப்பதுபோலவே எடுத்துக்கொண்டேன். தலைவன் முதல் ரவுண்டிலேயே செத்துப்போனான். ஆனால் ஓர்க்குகள் இரண்டு பேரைக் கொன்றுவிட்டன. கழித்ததில் எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, நீங்கள் கழித்தது சரிதான், போட்டே பார்த்துவிடலாம். தாக்கோ என்பது ஏ.சி. 0 உள்ள ஒருவனை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண். பழைய பதிப்பில் ஏ.சி. குறையக் குறையக் கவசம் நல்லது. கவசமே இல்லாதவனுக்கு 10, முழு இரும்புக் கவசமும் கேடயமும் போட்டவனுக்கு 2. உங்கள் தலைவன் தன்னைப் போலவே கவசம் போட்ட ஒருவனை அடிக்க 14இல் 2 போக 12 விழ வேண்டும். புதுக் கணக்கில் அவனுக்கு +6, எதிராளிக்கு ஏ.சி. 18, அப்போதும் 12தான் விழ வேண்டும். ஆக, அடி விழும் வாய்ப்பு பெரிதாக மாறவில்லை. விழுந்த அடி எவ்வளவு வெட்டுகிறது, அதை வாங்குகிறவனிடம் எவ்வளவு உயிர் இருக்கிறது, இந்த இரண்டும்தான் தலைகீழாக மாறிவிட்டன, அதைக் கழித்தல் கணக்கு தொடவே இல்லை.

பழைய பதிப்பில் 5ஆம் லெவல் ஃபைட்டருக்குத் தாக்கோ 16. உடல் வலிமையும் ஒரு மந்திர வாளும் சேர்ந்து 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தலைவனை அடிக்க அவருக்கு 12 விழ வேண்டும், அதாவது இருபதில் ஒன்பது வாய்ப்பு. விழுந்தால் ஏழெட்டு ஹிட் பாயிண்ட் போகும், ரவுண்டுக்குப் பெரும்பாலும் ஒரு அடிதான். ஐந்து பேர் சூழ்ந்துகொண்டு அடித்தாலும் 45ஐக் கரைக்க மூன்று நாலு ரவுண்டு ஆகும், அதற்குள் தலைவன் திட்டுவான், ஆளைக் கூப்பிடுவான், ஒருத்தரையாவது சாய்ப்பான். 2014 விதியில் அதே 5ஆம் லெவல் ஃபைட்டர் ரவுண்டுக்கு இரண்டு முறை வெட்டுகிறார், ஒவ்வொன்றும் சராசரி பத்து. ரோக், அதாவது பதுங்கித் தாக்குபவர், இருந்தால் ஒரே குத்தில் பதினெட்டு. எல்லோருமாகச் சேர்ந்து, தவறிய அடிகளையும் கழித்துவிட்டால், ரவுண்டுக்கு நாற்பது சுளையாக வரும். 45 ஹிட் பாயிண்ட் உள்ளவன் எப்படி நிற்பான்?

ஓர்க்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2ஆம் பதிப்பு ஓர்க்குக்கு ஒரே ஒரு ஹிட் டைஸ், அதாவது நாலைந்து ஹிட் பாயிண்ட், தாக்கோ 19, அடி 1டி8. முழுக் கவசக்காரரை அடிக்க அதற்கு 17 விழ வேண்டும், இருபதில் நாலு வாய்ப்பு. 2014 மான்ஸ்டர் மேனுவல் (எதிரிகளின் எண்கள் உள்ள புத்தகம்) ஓர்க்குக்கு 15 ஹிட் பாயிண்ட், +5, பெரிய கோடாலிக்கு 1டி12+3. ஏ.சி. 18ஐ அடிக்க 13 விழுந்தால் போதும், இருபதில் எட்டு வாய்ப்பு, விழுந்தால் சராசரி ஒன்பதரை போய்விடும். போதாததற்கு எதிரியை நோக்கிக் கூடுதலாக ஒருமுறை ஓடிவரும் குணமும் உண்டு. பெருக்கிப் பாருங்கள், பழைய ஓர்க் ஒரு வீச்சுக்குச் சராசரியாக ஒரு ஹிட் பாயிண்ட்டுக்கும் கீழே, புது ஓர்க் நாலுக்குக் கிட்டத்தட்ட. பெயர் ஒன்றுதான், பலம் நாலு மடங்கு. பழைய புத்தகம் எழுதியவர் பன்னிரண்டு என்று போட்டது அந்தச் சின்ன ஓர்க்கை மனதில் வைத்து. நீங்கள் கொண்டுவந்து இறக்கியது பழைய கணக்கில் கிட்டத்தட்ட ஐம்பது ஓர்க்.

ஃபயர்பால் என்னும் நெருப்பு மந்திரத்திலும் இதைப் பார்க்கலாம். பழைய பதிப்பில் 5ஆம் லெவல் மந்திரவாதி போட்டால் 5டி6, சராசரி பதினேழு பதினெட்டு. சேவ் செய்து, அதாவது தப்பிக்கும் பகடையில் வென்று, பாதி அடி மட்டும் வாங்கிய ஓர்க்கும் பெரும்பாலும் பிழைக்காது. புதுப் பதிப்பில் 8டி6, சராசரி 28. சேவ் செய்த ஓர்க் 14 வாங்கிக்கொண்டு மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஹிட் பாயிண்ட்டோடு கோடாலியைத் தூக்கிக்கொண்டு வரும். இது என் மேஜையிலேயே நடந்திருக்கிறது. வேலந்தாவளத்தில் ஒரு மளிகைக் கடை மாடியில் ஞாயிறு தோறும் ஆடுவோம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதால் ஒவ்வொரு தாள் மீதும் ஒரு அரைப்படியோ தேங்காய்த் தொட்டியோ இருக்கும். ஃபயர்பால் போட்ட பையன் எழுந்தே நின்றுவிட்டான், எல்லாம் சாம்பல் என்று. நான் ஏழு ஓர்க்குக்கு எதிரே 1, 1, 1 என்று எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த ரவுண்டில் அவனுடைய மந்திரவாதி விழுந்தார். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தப்பு அவனுடையது இல்லை, பெயரைப் பார்த்து எதிரியை எடுத்த என்னுடையது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் போட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? பழைய பக்கத்தில் இருக்கும் எண்களை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஆள் அந்தச் சண்டையில் என்ன வேலை செய்கிறான் என்று கேளுங்கள். எத்தனை ரவுண்டு நிற்க வேண்டும், எத்தனை அடியில் ஒரு ஆட்டக்காரரைப் படுக்க வைக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும். அதே வேலையைச் செய்கிற ஆள் புதுப் புத்தகத்தில் வேறு பெயரில் ஏற்கெனவே இருப்பான். ஓர்க் பன்னிரண்டும் கூட்டம், ஒரு அடியில் விழ வேண்டியவர்கள். 2014 புத்தகத்தில் அந்த வேலைக்குச் சரியான ஆள் பண்டிட், அதாவது கொள்ளைக்காரன். 11 ஹிட் பாயிண்ட், +3, அடி 1டி6+1. ஏ.சி. 12ஐ 13 ஆக்கிக்கொள்ளுங்கள், ஓர்க் என்று சொல்லி இறக்குங்கள், கையில் கோடாலியே இருக்கட்டும். அந்த 14 இவர்களைச் சேவ் செய்தாலும் கொன்றுவிடும். ஃபயர்பால் போட்டவருக்கு அது போட்ட மாதிரி இருக்கும்.

தலைவனுக்குக் கிளாடியேட்டர் பக்கத்தை எடுங்கள். 112 ஹிட் பாயிண்ட், +7, ரவுண்டுக்கு மூன்று அடி. ஈட்டியை எடுத்துவிட்டு வாளைக் கொடுத்து 1டி8+4 என்று குறைத்துவிடுங்கள், மூன்றும் விழுந்தால் 25, 26 போகும், 5ஆம் லெவல் ஃபைட்டருக்குப் பாதி உயிருக்கு மேல், அந்த அளவு பயம் போதும். கவசத்துக்கு ஒரு வார்த்தை. முழுக் கவசமும் கேடயமும் 2014 விதியில் 20 வரும், கழித்தல் 18 என்கிறது. இந்த ஒரு இடத்தில் நான் கழித்தல் பக்கம். +7 வைத்திருக்கும் ஆட்டக்காரருக்கு 18 என்றால் பாதிக்குப் பாதி, 20 என்றால் இருபதில் எட்டுதான். 112 ஹிட் பாயிண்ட் உள்ளவன் முன்னால் தவறிக்கொண்டே இருந்தால் மேஜையில் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். கேடயத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

நான் இதையெல்லாம் ஒரு போஸ்ட்கார்டு அளவு அட்டையில்தான் எழுதிக்கொள்வேன், அதற்கு மேல் எழுதினால் சண்டை நடுவே படிக்க முடியாது. உங்கள் தலைவனுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: கவசம் 18. உயிர் 112. வாள் +7, மூன்று, 1டி8+4. ஒரு அடியைத் தடுக்கலாம், கவசம் +3. பாதி உயிர் போனால் ஓகரைக் கூப்பிடுவான். 25க்குக் கீழே போனால் சரண், பேரம் பேசுவான். கடைசி இரண்டு வரி இல்லாவிட்டால் அவன் வெறும் ஹிட் பாயிண்ட் மூட்டை.

ஓடுவதைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய பதிப்பிலிருந்து மாற்றும்போது எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். 2ஆம் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் மொரால், அதாவது மனத்திடம், என்று ஒரு எண் உண்டு, இரண்டு பத்துமுகப் பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டினால் கால் பின்வாங்கும். 12 ஓர்க் என்று எழுதினால் அதில் ஐந்தாறு ஓடிவிடும் என்பதும் கணக்கில் சேர்த்திதான். 2000க்குப் பிறகு அந்த எண் எதிரிகளின் பக்கத்திலிருந்தே போய்விட்டது. 2014 டி.எம். கையேட்டில் விருப்ப விதியாக இருக்கிறது, விஸ்டம் சேவ், 10 வர வேண்டும், தவறினால் ஓட்டம். தலைவன் விழுந்தவுடன் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்தவுடன் ஒருமுறை உருட்டுங்கள். பன்னிரண்டு பேரும் சாகும்வரை சண்டை போடுவது பழைய சண்டையே இல்லை.

கடைசியாக எக்ஸ்.பி. கணக்கு, அதாவது ஒவ்வொரு எதிரிக்கும் விதி கொடுக்கும் புள்ளிகள். நிஜ ஓர்க் 12 என்றால் 1,200, கூட்டத்துக்காக மூன்றால் பெருக்க வேண்டும், 3,600. உங்கள் ஐந்து பேருக்கு ஹார்ட் (கடினம்) என்னும் எல்லை 3,750. அதாவது ஓகரும் தலைவனும் வருவதற்கு முன்பே சண்டை கிட்டத்தட்ட அந்த எல்லைக்கு வந்துவிட்டது, இரண்டு பேர் செத்ததில் ஆச்சரியமே இல்லை. நான் சொன்ன மாதிரி மாற்றினால் கூட்டத்துக்கு 300, ஓகருக்கு 450, தலைவனுக்கு 1,800, மொத்தம் 2,550. மிகப் பலவீனமானவர்களைப் பெருக்கல் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விதியே சொல்கிறது, அதனால் பெரியவர்கள் இருவருக்கு ஒன்றரையால் பெருக்கினால் 3,825. அதே ஹார்ட்தான், ஆனால் இப்போது அந்தக் கடினம் தலைவனிடமிருந்து வருகிறது. செத்த இரண்டு பேரையும் எப்படியாவது கதைக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள் தம்பி, அது அவர்கள் தப்பு இல்லை என்று மேஜையிலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. எங்கள் கதையில் ஒரு மலைக் கணவாய், தென்மலைப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தை மனசில் வைத்து வரைந்தது. பாலத்தைக் காப்பவன் 3.5 பதிப்பில் நான் உருவாக்கிய 10ஆம் லெவல் ஃபைட்டர். ஏ.சி. 27, தாக்குதல் +19/+14, 94 ஹிட் பாயிண்ட், 11 ஃபீட் (சிறப்புத் திறமைகள்). 5ஆம் பதிப்புக்கு மாறிவிட்டோம், நாலு பேர், 7ஆம் லெவல். 3.5இலும் ஏ.சி. மேல்நோக்கித்தானே போகிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: கூடவே கூடாது அண்ணாச்சி. ஏறுமுகம் என்பதால் இரண்டும் ஒரே கணக்கு மாதிரித் தோன்றும், அதனாலேயே 2ஆம் பதிப்பை விட 3.5இலிருந்து மாற்றும்போது அதிகம் ஏமாறுகிறோம். 2014 மான்ஸ்டர் மேனுவலில் மிக வயதான சிவப்பு டிராகனுக்கு ஏ.சி. 22, ஊரையே அழிக்கும் டராஸ்க்குக்கு 25. பாலத்தில் நிற்கும் ஒரு மனிதனுக்கு 27 என்றால் உங்கள் நாலு பேரும் சாயங்காலம் முழுக்கத் தவறவிட்டுக்கொண்டிருப்பார்கள். 5ஆம் பதிப்பு வேண்டுமென்றே தாக்குதலையும் கவசத்தையும் ஒரு சின்ன வட்டத்துக்குள் கட்டிப்போட்டுவிட்டு, வளர்ச்சியை எல்லாம் ஹிட் பாயிண்ட்டிலும் அடியிலும் வைத்தது. ஓகரைப் பாருங்கள்: 3.5இல் ஏ.சி. 16, 29 ஹிட் பாயிண்ட். 2014இல் ஏ.சி. 11, 59 ஹிட் பாயிண்ட். மாற்ற வேண்டிய திசை அதுதான்.

உங்கள் காவலனைச் சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் பலத்தைச் சொல்லும் எண்) 7 என்று வைத்துக்கொள்வோம். டி.எம். கையேட்டு அட்டவணை அந்த வரிசைக்கு ஏ.சி. 15, தாக்குதல் +6, 161 முதல் 175 வரை ஹிட் பாயிண்ட், ரவுண்டுக்கு 45 முதல் 50 வரை அடி என்கிறது. உங்களுக்கு நல்ல கவசக்காரன் வேண்டும், ஏ.சி.யை 18 ஆக்குங்கள், அதற்கு ஈடாக ஹிட் பாயிண்ட்டை 150க்கு இறக்குங்கள். +8 கொடுங்கள், அதற்கு ஈடாக அடியை 40 பக்கம் கொண்டுவாருங்கள்: பெரிய வாள், மூன்று அடி, ஒவ்வொன்றும் 2டி6+6. இரண்டு புள்ளி ஏற்றினால் அட்டவணையில் ஒரு படி இறங்க வேண்டும் என்பது கையேடே சொல்லும் முறை.

11 ஃபீட்டில் ஒன்பதை விட்டுவிடுங்கள். மனசு வராது, தெரியும், ஒவ்வொன்றையும் நீங்கள் ராத்திரி உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆனால் அதில் பாதி, எண்ணில் +1, +2 கூட்டுவதற்காகவே வாங்கியவை, அந்தக் கூட்டல் நாம் போட்ட எண்ணிலேயே வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் கண்ணால் பார்க்கிறதை மட்டும் வையுங்கள். குறுகலான பாலத்தில் அப்படி ஒன்று உண்டு, காம்பாட் ரிஃப்ளெக்ஸ். கடந்து போகிற ஒவ்வொருவரையும் வெட்டுவான். 5ஆம் பதிப்பில் ரவுண்டுக்கு ஒரே ஒரு ரியாக்ஷன் (அடுத்தவர் செய்வதற்குப் பதிலாகச் செய்யும் செயல்) மட்டும்தான், அதனால் முதல் ஆள் வெட்டு வாங்கிக்கொண்டால் மற்ற மூன்று பேரும் சாதாரணமாக நடந்து போய்விடுவார்கள், பாலத்துக்குக் காவலன் இருந்து என்ன பயன்? மாரிலித் என்னும் பேய்க்கு ஒவ்வொரு டர்னிலும் ஒரு ரியாக்ஷன் உண்டு, அந்த ஒரு வரியைத் தூக்கி இவனுக்குக் கொடுங்கள், கடந்து போகிறவரை வெட்டும் வாய்ப்புத் தாக்குதலுக்கு மட்டும் என்று எழுதிவிடுங்கள். இரண்டாவதாகப் பவர் அட்டாக்: முதல் அடிக்கு மட்டும் −5 வாங்கிக்கொண்டு +10 அடிக்கலாம். இந்த இரண்டும் போதும், பழைய மேஜையில் அவனைப் பார்த்தவர்கள் அவன்தான் இவன் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: அண்ணே, 4ஆம் பதிப்பில் மினியன் என்று ஒரு ஹிட் பாயிண்ட் எதிரிகள் உண்டே, எனக்கு ரொம்பப் பிடிக்கும். 16 மினியனும் 8ஆம் லெவல் சோல்ஜர் ஒருவனும் உள்ள சண்டை. சோல்ஜருக்கு ஏ.சி. 24. எப்படி?
– ஏலக்காய்க் கடை ஊழியர், குமுளி

பதில்: எனக்கும் பிடிக்கும் தம்பி, மினியனை மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு ஹிட் பாயிண்ட்டோடு அப்படியே கொண்டுவாருங்கள், கூடவே 4ஆம் பதிப்பின் இன்னொரு வரியையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும்: தவறிய தாக்குதல் மினியனை ஒன்றும் செய்யாது. 5ஆம் பதிப்பில் சேவ் செய்தாலும் பாதி அடி விழும் மந்திரங்கள் நிறைய, இந்த வரி இல்லாவிட்டால் பதினாறு பேரும் ஒரே மந்திரத்தில் காலி. அடியைப் பகடை உருட்டாமல் 4 அல்லது 5 என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பதினாறு பேரின் டர்ன் சீக்கிரம் முடியும்.

சோல்ஜரின் 24ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் எட்டு அவனுடைய லெவல், 4ஆம் பதிப்பில் எல்லா எண்ணும் லெவலோடு சேர்ந்து ஏறும். லெவலைக் கழித்தால் 16, கேடயத்தோடு 17 வைக்கலாம். சோல்ஜரின் உண்மையான வேலை மார்க் செய்வது, அவனை விட்டுவிட்டு வேறொருவனை அடிக்கப் போனால் −2. 5ஆம் பதிப்பில் அதைத் தாக்குதலுக்கு டிஸட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுப்பது) என்று எழுதிவிடுங்கள். மற்றதற்கு வெட்டரன் பக்கம் போதும், 58 ஹிட் பாயிண்ட், சரியாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, நானும் அக்கா பையன்களும் வீட்டில் ஆடுகிறோம். 2014 புத்தகங்களைக் கஷ்டப்பட்டுச் சேர்த்து முடிக்கும்போது 2024 விதிகள் வந்துவிட்டன. எதிரிகளை எல்லாம் மறுபடி மாற்ற வேண்டுமா? புதுசு வாங்க இப்போது பணம் இல்லை.
– வாசகி, நகரி

பதில்: வேண்டாம் அம்மா, வாங்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். 2014 எதிரியை அப்படியே 2024 பாத்திரங்களோடு மோதவிடலாம். புதுப் பாத்திரங்கள் கொஞ்சம் பலசாலிகள், சண்டை லேசாகத் தெரிந்தால் எதிரிகளுக்கு அவர்களுடைய ஹிட் டைஸில் வரக்கூடிய அதிகபட்ச ஹிட் பாயிண்ட்டைக் கொடுங்கள், அவ்வளவுதான். 2025 மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க்குக்குத் தனிப் பக்கமே இல்லை, மனித வீரர்களுக்கான பக்கங்களை எடுத்து ஓர்க்காக நடத்தும்படி விட்டுவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு நான் மேலே சொன்னதும் அதுதானே. இன்னொன்று, 5ஆம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. ஓர்க், ஓகர், பண்டிட், வெட்டரன், கிளாடியேட்டர் எல்லாம் அதில் உண்டு. தமிழில் மொழிபெயர்த்து அச்சடித்துப் பையன்களுக்குக் கொடுக்கக்கூட அனுமதி இருக்கிறது, எடுத்த இடத்தைச் சொன்னால் போதும்.

கேள்வி: சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளி ஒன்றில் ஆசிரியர் நான். சனிக்கிழமை மதியம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆடுகிறோம். போன மாதம் பழைய பதிப்பு, இந்த மாதம் புதுசு. “சார், அதே ஓர்க்தானே, போன வாரம் ஒரே வெட்டில் செத்துச்சு, இப்ப ஏன் சாகல?” என்று கேட்டால் என்ன சொல்வது? தமிழில் என்ன சொற்கள் வைக்கலாம்?
– ஆசிரியர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: சார், பிள்ளைகளிடம் தாயத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு காயாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டால் பாதிக் கை ஆமாம், பாதிக் கை இல்லை என்று தூக்கும். பாட்டி வீட்டில் ஒரு மாதிரி, நம் வீட்டில் ஒரு மாதிரி, எங்கே உட்கார்ந்திருக்கிறோமோ அந்த வீட்டு விதி. வெட்டு இல்லாமலே உள்ளே போகலாம் என்றால் காய் பதுங்கிப் பதுங்கிப் போகும், வெட்டினால்தான் உண்டு என்றால் துரத்திக்கொண்டு போகும், காய் அதேதான், நடக்கிற நடை வேறு. ஓர்க்கும் அப்படித்தான் என்றால் ஏழாம் வகுப்புக்கு உடனே புரியும், நான் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சொற்களுக்கு ரொம்பச் சிரமப்பட வேண்டாம். ஏ.சி.க்குக் கவசம், ஹிட் பாயிண்ட்டுக்கு உயிர், ரவுண்டுக்குச் சுற்று, ஃபைட்டருக்கு வீரன், இந்த நாலும் முதல் நாளே ஒட்டிக்கொள்ளும். சேவ் என்பதற்குத் தப்பிப்பு என்று வைத்தேன், பிள்ளைகள் “தப்பிச்சேனா சார்?” என்றே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓர்க்கை ஓர்க் என்றே விடுங்கள், அரக்கன் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கும்பகர்ணன் அளவில் ஒருவன் மனதில் வந்து நிற்பான், பன்னிரண்டு கும்பகர்ணன் என்றால் யாரும் கோட்டைக்குள் போக மாட்டார்கள். இருபது முகப் பகடை ஒன்றுதான் இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். என்னிடம் ஆறு கூடுதலாக இருக்கிறது, வரும் சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறை வழியாகத்தான் வருகிறேன், பள்ளியில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.